வழக்கு உள்ளவனுக்குத் தீவு இல்லை

செங்கோட்டையன் தன் தங்கையின் படியை எட்டு ஆண்டுகளாக மிதித்ததில்லை. இப்போது மிதித்ததும் வீட்டுப் படியை அல்ல. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அவள் நடத்தும் பயண அலுவலகத்தின் படியை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெளியே ஓட்டுநரோடு காத்திருக்கும் வண்டி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் பலவற்றுக்கு உரிமையாளன் அவன். ராஜஸ்தான் மணலையும் ஆப்பிரிக்கப் பாறையையும் துளைத்துவிட்டு வந்தவை அவனுடைய லாரிகள். அவனோ கடலைத் தாண்டியதில்லை. தாண்டவேண்டிய தேவை இப்போதுதான் வந்திருந்தது.

உள்ளே கயல்விழி ஒரு குடும்பத்திற்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தமானுக்குப் பாஸ்போர்ட்டு வேண்டாமுங்க. நம்ம நாடுதான். ஆதாரோ ஓட்டர் கார்டோ ஏதாச்சும் ஒண்ணு, ஒரிஜினலா அவங்கவங்க கையில இருந்தாப் போதும்.”

“லட்சத்தீவுக்குங்க?” என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

“அதுவும் நம்ம நாடுதானுங்க. ஆனா நாம நெனச்சாப் போயிர முடியாது. நுழைவு அனுமதி வாங்கோணும். அதுக்கு உங்க ஊருப் போலீசு சான்று தரோணும், இவரு மேல கேஸ் ஒண்ணும் இல்லைன்னு. அங்க இருக்கறது கொஞ்ச சனம். வெளியாளுக போயி அவங்களை ஏச்சு முழுங்கிரக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே போட்ட சட்டமுங்க.”

“அடேங்கப்பா. நம்ம நாட்டுக்குள்ள போக நமக்கே நல்லவன்னு சர்ட்டிபிகேட்டா?”

“நல்லவங்களுக்கு ஒரே வாரத்துல வந்துருமுங்க,” என்றாள் கயல்விழி. அப்போதுதான் தலைநிமிர்ந்து வாசலில் நின்றவனைப் பார்த்தாள். அவள் குரல் மாறவில்லை. “உக்காருங்க. முன்னால வந்தவங்களை முடிச்சுட்டுக் கூப்புடறேன்.”

சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் செங்கோட்டையன் உட்கார்ந்தான். தங்கையின் கடையில், தன் முறை வரும்வரை, யாரோ ஒருவனைப்போல. ஊர்க் கூட்டங்களில் முதல் நாற்காலியைத் தவிர வேறெதிலும் அமராதவனுக்கு அந்த அரைமணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவள் நன்றாக அறிவாள். அறிந்ததனால்தான் அந்தமான் கடற்கரைகளை ஒவ்வொன்றாக, நிதானமாக விளக்கினாள்.

அழைத்தபோது வந்து எதிரே அமர்ந்தான்.

“நல்லா இருக்கறயா அம்மிணி?”

“இருக்கறனுங்க. என்ன வேலையா வந்தீங்க?” அண்ணா என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை. சேர்க்காததை அவன் கவனித்தான்.

“லட்சத்தீவுல ஒரு ஆர்டரு. டவர் அஸ்திவாரத்துக்குத் தொளை போடோணுமாம். எடத்தை நானே நேர்ல பார்த்தாகோணும். ஆனா போலீசு சான்று தரமாட்டேங்கறான்.”

“ஏனுங்க?”

“அந்தக் கேஸு நிக்குதாம்.”

“எந்தக் கேஸுங்க?”

அவள் அறியாமல் கேட்கவில்லை. அவன் வாயால் அது வெளிவர வேண்டும் என்று கேட்டாள். அவன் சன்னலைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “மதியழகன் கேஸு.”

“அது அவரு கேஸு இல்லீங்க. அவரு காலை ஒடச்ச கேஸு. உங்க கேஸு.”

“சரி, எங்கேஸுதான். இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னேன். முன்ன மாதிரி இல்லீங்க, பேரைத் தட்டுனாக் கம்ப்யூட்டர்ல வந்து நிக்குதுங்கறான். மக்கள் நீதிமன்றத்துல சமரசம்னு அவரு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஒரே வயித்துல பொறந்தவங்க நாம. எத்தனை நாளைக்கு இழுக்கறது?”

எத்தனை நாளைக்கு இழுப்பது என்று கேட்டவன், எட்டு ஆண்டுகளாக அதை இழுத்தவன்.

நடந்ததை ஊர் மறந்திருக்கலாம். கயல்விழி தோட்டமும் லாரியும் உள்ள வீட்டுப் பெண். மதியழகன் அதே ஊரின் காலனித் தெருவில் பிறந்து, கல்லூரியில் அவளுக்கு மூத்தவனாகப் படித்தவன். இருவரும் பழகுவது தெரிந்த அன்று செங்கோட்டையன் தங்கையை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அவளுடைய ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, பட்டச் சான்றிதழ் அத்தனையையும் எடுத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினான். அந்த வட்டாரத்தின் பெரிய வீடுகளில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் கூடி உட்கார்ந்தால், பெண்ணின் கார்டுகள் எல்லாம் தன் கையில் இருக்கின்றன, அவள் எங்கே போய்விடுவாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். மகளைப் பூட்டினால் சட்டம் கேட்கும். மகளின் அட்டையைப் பூட்டினால் யார் கேட்பார்? கதவுகள் திறந்தே கிடக்கும், கால்கள் கட்டப்படாமலே இருக்கும், ஆனாலும் அவள் எந்த அலுவலகத்தின் முன்பும் தான் யார் என்று சொல்லிக்கொள்ள முடியாதவளாக நிற்பாள். தகப்பனின் மகள், தமையனின் தங்கை, அதற்குமேல் ஒருத்தி இல்லை.

அப்படித்தான் அவள் மதியழகனுடன் வெறுங்கையோடு பதிவாளர் அலுவலகத்திற்குப் போனாள். நீங்கள்தான் நீங்கள் என்று எதைக்கொண்டு நம்புவது என்று கேட்டார் எழுத்தர். அவர் கேட்டதில் தவறில்லை. திரும்பி வெளியே வந்தார்கள். வாசலில் செங்கோட்டையனின் வண்டி நின்றது. வண்டியில் ரிக்கின் இரும்பு ராடு இருந்தது. மதியழகனின் வலது முழங்கால் அன்றைக்குப் பிறகு மடங்கவே இல்லை.

அட்டையைப் பூட்டலாம், விரல் ரேகையைப் பூட்ட எந்த பீரோவும் இன்னும் செய்யப்படவில்லை. அந்த ரேகையை வைத்தே கயல்விழி தன் பெயரை மீட்டாள். அலுவலகம் அலுவலகமாக ஏறி, வரிசை வரிசையாக நின்று, ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டை என்று தன்னைத் தானே மறுபடி பெற்றெடுத்துக்கொண்டாள். மதியழகனைப் பதிவுத் திருமணம் செய்தாள். எந்த வாசலுக்கு எந்தச் சீட்டு வேண்டும் என்பதை அப்படி அலைந்து கற்றதே பிறகு அவளுக்குத் தொழிலாயிற்று.

வழக்கோ நகரவில்லை. வக்கீலுக்குக் காய்ச்சல், குற்றம்சாட்டப்பட்டவனுக்கு வயிற்றுவலி, கோயிலில் தேர், குடும்பத்தில் துக்கம் என்று வாய்தாவின்மேல் வாய்தா வாங்கினான் செங்கோட்டையன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதியழகன் நீட்டிய காலோடு பேருந்தில் வந்து, நீதிமன்ற பெஞ்சில் காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து, ஒத்திவைப்பைக் கேட்டுத் திரும்பினான். ஏழைக்கு நீதி மறுக்கப்படுவதில்லை என்கிறார்கள். மறுப்பதற்கும் ஒரு தீர்ப்பு வேண்டுமே, அதைக்கூடத் தராமல் தேதியை மட்டும் தருகிறார்கள். வழக்கை இழுப்பதே வெற்றி என்று செங்கோட்டையன் நம்பியிருந்தான். நிலுவையில் நிற்கும் வழக்கு ஒருநாள் தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவனுக்கு எந்த வக்கீலும் சொல்லவில்லை.

இப்போது எதிரே அமர்ந்து டவர் அஸ்திவாரம் என்கிறான். அது பொய் என்று கயல்விழிக்குத் தெரியும். முந்தின வாரமே அவன் மகள் சத்யபிரியா லட்சத்தீவின் கவரத்தியிலிருந்து அழைத்திருந்தாள். திருச்செங்கோட்டில் பொறியியல் படித்துவிட்டு, அந்தத் தீவின் சூரிய மின்நிலையத்தில் வேலை பார்ப்பவள். தன் சாதியில் ஒருவன்கூட இல்லாத கடல்நடுவில் மகளுக்கு என்ன காதல் வந்துவிடும் என்று நம்பி அவளை அனுப்பி வைத்தவன் செங்கோட்டையன். அதே நிலையத்திற்கு மேட்டூரிலிருந்து வேலைக்கு வந்தான் தீனதயாளன். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவரின் மகன். இருவரும் அங்கேயே தனித்திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்திருந்தார்கள். முப்பது நாள் கழிந்தால் பதிவு. அறிவிப்பின் நகல் பெண்ணின் சொந்த ஊரிலும் ஒட்டப்படும் என்பது சட்டம். ஒட்டினார்கள். பார்த்தவன் எவனோ செங்கோட்டையனுக்குச் சொல்லிவிட்டான்.

“அப்பா போன்ல ஒரு வார்த்தை பேசலீங்க அத்தை,” என்றிருந்தாள் சத்யபிரியா. “பேசாம இருந்தாருன்னா ஏதோ பண்றாருன்னு அர்த்தம். லெட்டர் போட்டுத் தடுக்க முடியாது, சாதி வேறங்கறது சட்டத்துல ஒரு காரணமே இல்ல. நேர்ல வந்து இழுத்துட்டுப் போனாத்தான் உண்டு. இங்க வர்றதுக்குப் பர்மிட்டு வேணும். அதை நெனச்சுத்தான் தைரியமா இருக்கறேன். அந்தப் பர்மிட்டு மட்டும் அவரு கைக்குப் போயிரக் கூடாதுங்க அத்தை. போச்சுன்னா என்னைய நீங்க உசுரோட பார்ப்பீங்களான்னு தெரியாது.”

கயல்விழி எதிரே இருந்தவனின் முகத்தைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். சொன்னால் அவன் வேறு வழி தேடுவான். நம்பிக்கையைக் கொடுத்து நாளைக் கரைப்பது எப்படி என்பதை அவனிடமிருந்தே அவள் கற்றிருந்தாள்.

“நானா கையெழுத்துப் போடறதுங்க? அவரு போடோணும். அவரு வெளியூரு போயிருக்கறாரு. வர்ற வாரம் வாங்க, கேட்டுச் சொல்றேன்.”

“நல்லதம்மிணி,” என்று எழுந்து போனான் செங்கோட்டையன். தன் முதல் வாய்தாவை வாங்கிக்கொண்டுதான் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

தடுப்புக்குப் பின்னாலிருந்த அறையில் பயணச்சீட்டுகளைப் பதிவுசெய்துகொண்டிருந்த மதியழகன் தலையை நீட்டினான்.

“நான் எந்த ஊருக்குப் போயிருக்கறேன்னு சொல்லிரு கயலு. நாளைக்கு யாராச்சும் கேட்டா ரெண்டு பேரும் ஒரே ஊரைச் சொல்லோணுமில்ல.”

“வயித்துவலின்னு சொல்லியிருக்கோணும். அதுதான் அவங்க வழக்கம்.”

அவன் சிரித்தான். பிறகு நீட்டிய காலைத் தடவிக்கொண்டே சொன்னான். “புள்ள கல்யாணம் முடியட்டும். அப்பறம் கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சுரலாம். கோர்ட்டு பெஞ்சுல உக்காந்து உக்காந்து எனக்கு நல்ல காலும் மரத்துப்போச்சு.”

“மன்னிக்கறதுன்னா நீ மன்னிச்சுக்க மதி. அது உன் காலு. என்னைய ஆருன்னு சொல்லிக்க முடியாதவளா ஆக்கி ரோட்டுல நிறுத்துனதை நான் மன்னிக்க மாட்டேன்.”

மன்னிப்பின் பெருமையைப் பேசுகிறவர்கள் எப்போதும் அடிபட்டவனிடம்தான் வந்து பேசுகிறார்கள். அடித்தவனிடம் போய் வருந்து என்று சொன்ன பெரியவர் எவரும் அந்த ஊரில் இல்லை.

அடுத்த வாரம் செங்கோட்டையன் தொலைபேசியில் கேட்டான். கயல்விழி இரண்டாவது வாய்தாவுக்கு இடம் குறித்தாள்.

“கையெழுத்துப் போடறவரு ஊட்டுக்கு வந்து நீங்களே கேக்கோணுமுங்க. அதுதானே மொறை?”

“ஊட்டுக்கா?”

“காலனித் தெருவுல, தண்ணி டேங்குக்கு எதுத்த ஊடு. பகல்ல வாங்க. இருட்டுல தெருவு வெளங்காது.”

அந்தத் தெரு அவன் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். அவன் தோட்டத்தில் களை பறித்தவர்களும் லாரியில் ராடு தூக்கியவர்களும் அந்தத் தெருவிலிருந்தே வந்தவர்கள். ஆனால் அவனோ அவன் தகப்பனோ அங்கே ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், தெருவே வீட்டிலிருந்த நேரத்தில் அவன் வந்தான். வண்டி நுழையாத சந்து, இறங்கி நடந்தான். குழாயடியில் பேச்சு நின்றது. பிள்ளைகள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எந்தத் தெரு தன்னைத் தீண்டிவிடும் என்று தலைமுறை தலைமுறையாக அஞ்சினார்களோ, அந்தத் தெருவில், வெயிலில், வேட்டி நுனியைப் பிடித்தபடி நடந்தான் செங்கோட்டையன். அவன் மேல் இடி விழவில்லை. புழுதிதான் கொஞ்சம் ஒட்டியது.

கயல்விழி டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் டம்ளரைப் பார்த்தான்.

“இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன் அம்மிணி.”

“அப்ப இன்னொரு நாளைக்கு வாங்க. அன்னைக்குக் குடிக்காம வாங்க.”

அவன் வாங்கிக் குடித்தான். ஒரே மூச்சில், மருந்து குடிப்பவனைப்போல.

“சக்கரை பத்துமுங்களா?” என்றான் மதியழகன்.

“பத்தும்.”

“ஆருக்குச் சொல்றீங்கன்னு தெரியலீங்க,” என்றாள் கயல்விழி. “பேரோ மொறையோ ஏதாச்சும் வெச்சுச் சொன்னாத்தானே அவருக்குக் கேக்கும்.”

 வாசலில் நின்ற தெருவும் காது கொடுத்து நின்றது. செங்கோட்டையன் காலி டம்ளரைத் தரையில் வைத்தான்.

“பத்துமுங்க மாப்ள.”

“கேக்குதுங்க,” என்றான் மதியழகன். அவன் முகத்தில் வெற்றி இல்லை, கூச்சம்தான் இருந்தது. கயல்விழியின் முகத்தில் கூச்சம் இல்லை. எட்டு ஆண்டுப் பசிக்கு அந்த ஒரு சொல் ஒரு கவளம்கூட ஆகாது என்றே அவளுக்குத் தோன்றியது.

“கையெழுத்து?” என்றான் செங்கோட்டையன்.

“எங்க வக்கீலு ஊருல இல்லீங்க,” என்றாள் கயல்விழி. “வந்ததும் கூப்புடறேன்.”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அந்தச் சொற்கள் எங்கேயோ கேட்ட சொற்களாக இருந்தன. அவன் தரப்பில் நீதிமன்றத்தில் சொன்ன அதே சொற்கள். தன் நாணயமே தனக்குத் திரும்பி வருகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்தான், ஒன்றும் பேசாமல் சந்தில் நடந்தான்.

பேசாமல் இருந்தால் ஏதோ செய்கிறான் என்று அர்த்தம். மறுநாளே அவன் அலுவலகத்திற்கு வந்தான். இம்முறை மனைவி வசந்தாமணியோடு. பொய்யையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

“உனக்கெல்லாம் தெரியும். நாளைக் கடத்தறே. எம்மேலதானே கேஸு இருக்குது? இவ மேல என்ன இருக்குது? இவளுக்குப் பர்மிட்டுப் போடு. நீ போடலீன்னாக் கொச்சியில நூறு பேரு இருக்கறான்.”

வசந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயல்விழிக்கு அவள் தமையனின் மனைவி. அந்த ஊர் வழக்கப்படி நங்கை. இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வீட்டில் சமைத்தவள், துவைத்தவள். அவள் குரலைக் கேட்டவர்கள் அபூர்வம். அவளுக்குப் போலீஸ் சான்று கிடைப்பதில் எந்தத் தடையும் இருக்க முடியாது. அவள் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை, வாங்கியே பழக்கம்.

 மகளை இழுத்துவர இதைவிடக் கூர்மையான கருவி அவனிடம் இல்லை. தகப்பன் வந்தால் சத்யபிரியா கதவைச் சாத்துவாள். தாய் வந்து அழுதால்?

“போட்டோ வேணுமுங்க,” என்றாள் கயல்விழி. “பக்கத்துக் கடையில எடுக்கோணும். நங்கை, வாங்க.”

புகைப்படக் கடையில், திரையின் முன்பு முக்காலியில் அமர்த்திக் கூந்தலைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து கேட்டாள். “கூட்டியாரப் போறீங்களா நங்கை?”

“அதுக்குத்தானே அனுப்பறாரு. அப்பனுக்கு நெஞ்சுவலின்னு சொல்லிக் கூட்டியான்னு சொல்லியிருக்கறாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னைக்கு என்ன சொன்னேன் அம்மிணி?”

புகைப்படக்காரர் நேராகப் பார்க்கச் சொன்னார். வசந்தாமணி நேராகப் பார்த்தாள். விளக்கு மின்னி அணைந்தது.

“பர்மிட்டும் கார்டும் அவருதான் வெச்சிருப்பாரு,” என்றாள் பிறகு, ஏதோ கேட்க நினைத்து வேறு ஏதோ கேட்பவளாக. “என் கார்டெல்லாம் பீரோவுலதான். பேங்குக்குப் போனாக் கையில குடுத்து, வெளிய வந்ததும் வாங்கிக்குவாரு. கப்பலுக்கும் அப்படியா?”

“கப்பல்ல அவரு ஏற முடியாதே நங்கை. வாசல்லயே உங்க கையில குடுத்துத்தான் ஆகோணும். ஒரிஜினலு.”

“எங்கையிலயேவா?”

“உங்க கையிலயே.”

 வசந்தாமணியின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை அந்த முகத்திலிருந்து கயல்விழியால் படிக்க முடியவில்லை.

அன்று மாலை விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பும்போது அவள் விரல்கள் நின்றன. ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் போதும். விண்ணப்பம் திரும்பும், மறுபடி அனுப்புவதற்குள் மீதி நாள்கள் கரைந்துவிடும். பழிக்குப் பழி, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. மதியழகனிடம் சொன்னாள்.

“செய்யி,” என்றான் அவன். “ஆனா ஒண்ணு கயலு. அவங்க போகக் கூடாதுன்னு கார்டை வெச்சுத் தடுக்கறது உங்க அண்ணன் வேலை. அதை நீ செஞ்சா, அவருக்கு இன்னொரு பீரோ நாமளே வாங்கிக் குடுத்த மாதிரி.”

அவள் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமையனை வெறுத்தாள், அந்த வெறுப்பில் ஒரு துளியைக்கூடச் சிந்த அவள் தயாராக இல்லை. ஆனால் அதை இன்னொரு பெண்ணின் தலையில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எண்ணைச் சரியாக அடித்தாள். அனுப்பினாள். அதன்பின் அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அனுமதி வந்தது. அலுவலகத்தின் சுற்றுலாக் குழுவைக் கப்பலேற்ற மதியழகன்தான் கொச்சிக்குப் போனான். செங்கோட்டையனும் அதே ரயிலில் மனைவியோடு வந்தான். அவளுடைய ஆதார் அட்டையும் அனுமதிச் சீட்டும் அவன் சட்டைப்பையில் இருந்தன. ஈரோட்டில் டீ வாங்கியபோதும், பாலக்காட்டில் இறங்கி நின்றபோதும் அவன் கை அந்தப் பையின்மேலேயே இருந்தது.

துறைமுக வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

“உங்கள் பர்மிட்?”

“நான் போகலீங்க. உள்ள கூட்டிட்டுப் போயி ஏத்தி உட்டுட்டு வந்தர்றேன்.”

“பர்மிட் இல்லாமல் உள்ளே போக முடியாது. போகிறவர் மட்டும் வரட்டும். அட்டை அவர் கையில் இருக்க வேண்டும்.”

செங்கோட்டையன் பேசிப் பார்த்தான். திருச்செங்கோட்டில் செல்லும் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தான். மலையாளக் காவலருக்கு அந்தப் பெயர்கள் எவையும் தெரியவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சட்டைப்பையிலிருந்து அட்டையையும் சீட்டையும் எடுத்தான். மனைவியின் உள்ளங்கையில் வைத்தான். வைத்த பிறகும் ஒரு நொடி தன் விரலை எடுக்கவில்லை.

“நெஞ்சுவலின்னு சொல்லு. ரெண்டு பேரும் அடுத்த கப்பல்ல வந்தரோணும்.”

வசந்தாமணி தலையாட்டினாள்.  காவலரிடம் தானே காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், போங்கள் என்றார். அவள் அட்டையைப் புடவைத் தலைப்பில் வைத்து முடிச்சுப் போட்டாள். இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு வாசல் அவளை அவளாகவே ஏற்று உள்ளே விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பிகளுக்கு இந்தப் பக்கம், கப்பல் நகரும்வரை நின்றான் செங்கோட்டையன். மதியழகன் சற்றுத் தள்ளி ஊன்றுகோலின்மேல் சாய்ந்து நின்று, கப்பலைப் பார்க்காமல் அவனையே பார்த்தான்.

அறிவிப்பு நாள்கள் முடிந்த மறுநாள் சத்யபிரியா அழைத்தாள். அவளால் சரியாகப் பேச முடியவில்லை.

“பதிவு முடிஞ்சுதுங்க அத்தை. மூணு சாட்சி வேணுமுன்னாங்க. மொதல் கையெழுத்து அம்மாதான் போட்டாங்க.”

“நெஞ்சுவலின்னு ஒண்ணும் சொல்லலயா?”

“சொன்னாங்க. ‘உங்கப்பனுக்கு நெஞ்சுவலின்னு சொல்லச் சொன்னாரு, அந்த வலி வந்தா நல்லதுதான்’னாங்க. அப்பறம் என்னைய உக்கார வெச்சுத் தலை சீவி உட்டாங்க. அம்மா போன்ல பேசோணுமாம், இருங்க.”

வசந்தாமணியின் குரல் கடலைத் தாண்டி வந்தது. “அம்மிணி, இங்கயே தங்கறதுக்கு அனுமதியை நீட்டித் தருவாங்களாமா? புள்ள எழுதிக் குடுத்திருக்குது. கார்டு எங்கையிலயே இருக்குது, ஒரு நடை அனுப்பித் தரட்டுமா?”

“அனுப்பாதீங்க நங்கை,” என்றாள் கயல்விழி. “உங்க கையிலயே இருக்கட்டும்.”

செங்கோட்டையன் வந்தபோது அலுவலகம் நிறைந்திருந்தது. இம்முறை அவன் நாற்காலியைத் தேடவில்லை. வேட்டி கசங்கியிருந்தது.

“போனை எடுக்க மாட்டேங்கறா. ரெண்டு கப்பலு வந்துருச்சு. அவளைக் கூட்டியாரோணும். கையெழுத்தைப் போடச் சொல்லு அம்மிணி, உன் காலை வேணுமுன்னாலும் புடிக்கறேன்.”

“என் காலு நல்லாத்தானுங்க இருக்குது. புடிக்கறதுன்னா அவரு காலைப் புடிங்க.”

மதியழகன் உள்ளறையிலிருந்து வந்து நின்றான். அண்ணனும் தங்கையும் அவனைப் பார்த்தார்கள்.

“புள்ள கல்யாணம் முடிஞ்சாப் போட்டுரலாமுன்னுதான் இருந்தேனுங்க,” என்றான். “இப்ப வசந்தாமணி அக்காவும் அங்க இருக்கறாங்க. நான் கையெழுத்துப் போட்டா உங்க மேல கேஸு இல்லாமப் போகும். கேஸு இல்லாமப் போனா நீங்க அங்க போவீங்க. அதனால போட மாட்டேனுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“நாளைக் கடத்தறது இனி எங்க வேலை இல்லீங்க,” என்றாள் கயல்விழி. “வர்ற செவ்வாக்கெழமை விசாரணை. வாய்தா குடுக்கக் கூடாதுன்னு எங்க வக்கீலு மனுப் போட்டாச்சு. அன்னைக்கு உங்க ஊட்டுல இருந்து ராடை எடுத்து வண்டியில வெச்சதைக் கண்ணால பார்த்த ஒரு ஆளு இதுவரைக்கும் சாட்சி சொல்ல வரல. இப்ப வாராங்களாம்.”

“ஆரு?”

  அவன் முகம் வெளுத்ததே விடையாயிற்று. “அவ அங்கிருந்து எப்படி வருவா?” என்றான், தன்னையே கேட்பவன்போல.

“வர்றதுக்கு அனுமதி வேண்டாமுங்க. போறதுக்குத்தான் வேணும்.”

அவன் வெளியே போனான். வண்டியில் ஏறவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடைபாதையில் நின்று, கைப்பேசியைக் காதில் வைத்துத் தன் வக்கீலை அழைத்தான். செவ்வாய்க்கிழமை வேண்டாம், உடம்பு முடியவில்லை என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள், இன்னும் ஒரே ஒரு வாய்தா மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று அவன் கெஞ்சுவது உள்ளே வரை கேட்டது. காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் பேச வாயெடுத்தார். கயல்விழி கையுயர்த்தி அவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னாள். எதிர்முனையில் வக்கீல் மறுப்பது அவன் பேச்சிலிருந்தே தெரிந்தது. இவன் மறுபடி கெஞ்சியதும், பிறகு குரல் உடைந்ததும், ஒரு சொல் தவறாமல் எல்லாவற்றையும் அவள் நின்று கேட்டாள்.